இடது பக்கம் மறைக்கும் வண்டிகள்

குத்துக்கல்வலசை
புரட்டாசி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் இசக்கிச்செல்விக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் மஸ்கட்டில் சுகமாக இருக்க வேண்டும் என்று இசக்கியம்மனை வேண்டிக்கொண்டே எழுதுகிறேன், அங்கே வெயில் தணிந்ததா, பாப்பாவுக்குச் சளி விட்டதா என்று தெரிந்தால் மனசு நிம்மதியாகும். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் அது முழுக்கச் சரியா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது, கடைசி வரை படித்துவிட்டு நீயே முடிவு பண்ணிக்கொள். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டாலே உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், நான் ஒரு வார்த்தை பேசினால் அவர் நாலு வார்த்தை பேசுகிறார். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் இருப்பது ஒரே போன், அதை அவர்தான் முதலில் திறந்து பார்க்கிறார். எதிர் வீட்டு ஜாய் இருக்கிறாளே, அவள் அண்ணன் லீவு முடிந்து அடுத்த வாரம் மஸ்கட் வருகிறான், நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயில் எண்ணெய் கொஞ்சம் தூக்கல், மேலே மிதந்தால் பயப்படாதே.

விஷயம் கார்தான். தீபாவளி முடிந்ததும் பாப்பாவை முதல் தடவையாக ஊருக்குத் தூக்கிக்கொண்டு வருகிறாய், திருவனந்தபுரத்தில் இறங்கும்போது வாடகை வண்டி வேண்டாம், அப்பா சொந்த வண்டியில் வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசையாகச் சொல்லிப் பணமும் அனுப்பிவிட்டாய். சின்ன வண்டி போதும், புதுசோ பழசோ அப்பா இஷ்டம் என்றாய். முப்பது வருஷம் போலீஸ் ஜீப் ஓட்டி ரிட்டையர் ஆன மனுஷனுக்கு ஒரு சின்னக் கார் தேர்ந்தெடுக்கத் தெரியாதா என்றுதான் நானும் நினைத்தேன். ஆனியில் பணம் வந்தது. ஆடியில் வண்டி எடுக்கக் கூடாது, பார்க்க மட்டும் செய்யலாம் என்று ஆடி முழுக்கப் பார்த்தோம், ஆவணியில் எடுத்துவிடலாம் என்றோம், ஆவணியும் போய்விட்டது. நீ ஒவ்வொரு தடவையும் வண்டி எடுத்தாச்சா அப்பா என்று கேட்கிறாய், அவரும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், ஒண்ணும் உருப்படியா அமையல என்கிறார். ஏன் அமையவில்லை என்று புரியாமல் நான் குழம்பிய குழப்பம் கொஞ்சநஞ்சமில்லை. ஆரியங்காவு வழியாக, எதிரே டாரஸ் லாரி வரிசையாக இறங்குகிற மலைப்பாதையில், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வரப்போகிற வண்டி. அதனால் உன்னிடம் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன், நடுவில் பயந்து போனைப் போடாதே, முழுக்கப் படி.

முதலில் புது வண்டி பார்க்கத் திருநெல்வேலி ரோட்டில் இருக்கிற ஷோரூமுக்குப் போனோம். உள்ளே நல்ல குளிர்ச்சி, காபி கொடுத்தார்கள், அதில் சர்க்கரையே இல்லை, பக்கத்தில் பொட்டலமாக வைத்திருந்ததை நான் கவனிக்காமல் அப்படியே குடித்துவிட்டேன். முத்துகுமரன் என்று ஒரு தம்பி, நல்ல மரியாதையான பிள்ளை, ஆனால் அவன் சொன்னதில் பாதி எனக்கு ஏறவில்லை. பார்த்தால் ஒரே வண்டி, அதிலேயே ஐந்தாறு வேரியன்ட் என்கிறான். கீழே உள்ளதில் பின் கண்ணாடியைக் கையால் சுற்ற வேண்டும், அடுத்ததில் பட்டன், அதற்கு மேலே டிவி மாதிரி ஒரு திரை, உச்சியில் இருப்பதில் கூரையே திறக்கும். குற்றாலச் சாரலை வைத்துக்கொண்டு நான் எதற்குக் கூரையைத் திறக்க வேண்டும் என்று கேட்டேன், சிரித்துக்கொண்டே அடுத்ததைக் காட்டினான். நாம் கியர் போடுகிற வண்டியா அதுவே போட்டுக்கொள்கிற வண்டியா, பெட்ரோலா கேஸா கரண்டா, மோதினால் எத்தனை பலூன் விரிய வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போகிறான். மோதாமல் இருக்க என்ன வழி என்று கேட்டேன், அதற்கு ஓட்டுறவங்க பாத்து ஓட்டணும் ஆச்சி என்றான். எனக்கு அவன் ஆச்சி என்றது வேறு சுருக்கென்றது. வண்டிக்கு நட்சத்திரம் வேறு உண்டாம், எத்தனை நட்சத்திரமோ அத்தனைக்குப் பத்திரமாம். உனக்கு நட்சத்திரம் பார்க்க நாங்கள் கடையநல்லூர் ஜோசியரிடம் நடந்தோம், கார்க்காரர்கள் சுவரில் மோதிப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்களாம்.

அப்பா அந்த வண்டியை ஆயக்குடி விலக்கு வரை ஓட்டிவிட்டு வந்தார். இறங்கினவர் முகம் சரியில்லை. என்ன என்றால், முன் கண்ணாடி ஓரத்துத் தூண் ரொம்பத் தடிமன், இடது பக்கம் வாரவன் போறவன் ஒருத்தனும் தெரியல என்றார். முத்துகுமரனும் ஒத்துக்கொண்டான், இப்போதெல்லாம் உருண்டாலும் கூரை நசுங்காமல் இருக்கத் தூணைப் பலமாகத்தான் வைக்கிறார்களாம். சரி, பாதுகாப்புக்காக வைத்த தூணே ஆளை மறைத்தால் அது என்ன பாதுகாப்பு என்று எனக்குத் தலை சுற்றியது. அப்பா, பழைய வண்டியில தூண் சின்னதா இருக்கும், நாம அதையே பாப்போம் என்று சொல்லிவிட்டார்.

அங்கேயிருந்து பழைய வண்டிப் படலம். செங்கோட்டை ரோட்டில் பழைய கார் வாங்கி விற்கிற பீர் மைதீனைத் தெரியும்தானே, அப்பா ஸ்டேஷனில் இருந்த காலத்திலிருந்தே பழக்கம், அண்ணாச்சி அண்ணாச்சி என்று உயிரை விடுவார். அவர் முதலில் காட்டியது ஒரு வெள்ளை வண்டி. பார்க்கப் பளபளவென்று இருந்தது, கதவைத் திறந்தால் பொரிக்கிற கடை மாதிரி எண்ணெய் வாடை. சீசனுக்கு அருவிக்கு ஆள் ஏற்றின வண்டி, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஈரத்துணியோடு ஏறி ஏறி சீட்டு ஊறிப்போயிருக்கிறது, கால்மிதியைத் தூக்கிப் பார்த்தேன், அடியில் தகரம் துரு. பீர் மைதீன், மதினி கண்ணுல மண்ணத் தூவ முடியாதுல்லா என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டார். அடுத்தது கேரளா நம்பர் வண்டி, விலை மலிவு, ஆனால் அங்கேயிருந்து ஆட்சேபணை இல்லை என்று சர்டிபிகேட் வாங்கி, இங்கே திரும்ப வரி கட்டி, நம்பர் மாற்ற வேண்டும், அதோடு மழை வெள்ளத்தில் நின்ற வண்டியா இல்லையா என்று யாருக்குத் தெரியும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், வெள்ளத்தில் நின்றிருந்தால் அடியில் சேற்றுக்கறை இருக்கும் என்று ஜாய் வீட்டுக்காரர் ஜஸ்டின் சொல்லியிருந்தார். வாடகைக் கார் ஓட்டுகிறவர், அவருக்கு அதெல்லாம் பழக்கம். இழுத்தேன், கறை இருந்தது, அது சேறா மீன் குழம்பா என்று எங்களுக்குள்ளேயே சண்டை. வாசுதேவநல்லூரில் ஒரு வாத்தியார் வண்டி, கொஞ்சமாகத்தான் ஓடியிருக்கிறது, ஓடாமலே நின்றதில் டயர் வெடித்து, எலி ஒயரைக் கடித்து வைத்திருக்கிறது. புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடைக்காரர் வீட்டு வண்டி, பின்னால் மூட்டை ஏற்றி ஏற்றி வாத்து மாதிரி உட்கார்ந்துவிட்டது. நிறைய ஓடியதும் குறை, ஓடாததும் குறை என்றால் எதைத்தான் வாங்குவது. உன் மாமா ஒருத்தர் புது வண்டி கேட்டைத் தாண்டினதும் விலை பாதியாகிவிடும் என்கிறார், சித்தி பழைய வண்டி அடுத்தவன் தலைவலி என்கிறாள், இரண்டு பேரும் கார் வைத்திருக்கவில்லை.

இதெல்லாம் நான் பார்த்த குறை. உன் அப்பா சொன்ன குறையே வேறு. வாத்தியார் வண்டியில் பக்கக் கண்ணாடி சின்னது, இடது பக்கம் தெரியவில்லை என்றார். புளியங்குடி வண்டியில் சீட்டு தாழ்வு, இடது பக்கம் தெரியவில்லை. இன்னொன்றில் கண்ணாடியே மங்கல். பீர் மைதீன் துணியை எடுத்துத் துடை துடை என்று துடைத்தார், அப்பவும் உன் அப்பா மங்கல் என்றார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, இவருக்கு வண்டி வாங்கவே மனசில்லை, அதற்குச் சாக்குத் தேடுகிறார் என்றுதான். பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்தில் கை நீட்டக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிற குடும்பம் இவர்கள் குடும்பம், உனக்கே தெரியும், உன் வீட்டுக்கு வந்தால் ஒரு வாய்த் தண்ணீரைக்கூட யோசித்துக் குடிக்கிற ஆள். மாப்பிள்ளை காசில் கார் வாங்கி ஊருக்குள் ஓட்டினால் தாயாதிகள் என்ன சொல்வார்கள் என்று கூசுகிறார், அதை வாய்விட்டுச் சொல்லாமல் தூண் கண்ணாடி என்று வண்டி மேல் பழியைப் போடுகிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் கேட்டும்விட்டேன். பிள்ளை ஆசையா அனுப்பியிருக்கா, ஒமக்கு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிப்போடும், ஊரான் வண்டியெல்லாம் ஏன் குத்தம் சொல்லுதீரு என்றேன். அவர் என்னைப் பார்த்தார், சரி ஏட்டி, அப்படியே வச்சுக்கோ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் குழப்பம்.

ஆவணிக் கடைசியில் பீர் மைதீன் ஒரு சிவப்பு வண்டி கொண்டுவந்தார். ஆலங்குளத்தில் ஒரு டாக்டரம்மா வைத்திருந்தது, ஒரே கை, சர்வீஸ் பண்ணின ரசீதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது, வாடை இல்லை, துரு இல்லை, ஜஸ்டின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்றார். அப்பாவும் சுற்றி வந்து பார்த்து, தூண் சின்னதாத்தான் இருக்கு, இது தோது என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்க்கக் குற்றாலம் பக்கம் போனோம், அப்பா ஓட்டினார், பீர் மைதீன் முன்னால், நான் பின்னால். சீசன் ஓய்ந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இருந்தது. ஐந்தருவிக்குத் திரும்புகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் சிப்ஸ் கடையிலிருந்து ஒரு பெண்பிள்ளை இறங்கி வந்தாள், தலையில் ஈரத்துண்டு, இடுப்பில் குழந்தை. இடது பக்கமிருந்துதான் வந்தாள், ஓடி வரவில்லை, மெதுவாகத்தான் வந்தாள், பின்னால் இருந்த எனக்கே நன்றாகத் தெரிந்தாள். அப்பா வேகத்தைக் குறைக்கவே இல்லை. நான் கத்தினேன், பீர் மைதீன் கை பிரேக்கைப் பிடித்து இழுத்துவிட்டார். வண்டி நின்றபோது அந்தப் பிள்ளையின் கால் பம்பரை ஒட்டி இருந்தது. அவளுக்கு ஒன்றும் இல்லை, குழந்தைக்கும் ஒன்றும் இல்லை, அவள் எங்களைத் திட்டின திட்டைக் கேட்டுக்கொண்டேன், எனக்கு அப்போது அது நல்ல சத்தமாக இருந்தது.

அப்பா வேர்த்துப்போய், தூண் மறைச்சிட்டு மைதீன், இந்த வண்டியும் வேண்டாம் என்றார். பீர் மைதீன் வண்டியை அவரே ஓட்டி எங்கள் வீட்டில் விட்டார், இங்கனயே நிக்கட்டும் அண்ணாச்சி, நாளைக்கு எடுத்துக்கிடுதேன் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் போய்விட்டார். எனக்கு ஒன்று ஒத்துவரவில்லை. பார்த்தபோது தூண் சின்னது தோது என்றவர், ஓட்டினதும் தூண் மறைத்துவிட்டது என்கிறார். அப்பா உள்ளே படுத்திருந்த நேரத்தில் நான் போய் அந்த வண்டியில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். நமக்கு ஓட்டத் தெரியாது, உட்காரத் தெரியாதா. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தேன். இடது பக்கம் நம் செம்பருத்தி தெரிந்தது, காம்பவுண்டு தெரிந்தது, எதிர் வீட்டு வாசலில் ஜாய் மீன் கழுவுவது தெரிந்தது. தூண் மறைத்தது என் இரண்டு விரல் அகலம்தான். அப்படியே உட்கார்ந்திருந்தேன், அழுகை வந்தது. எல்லா வண்டியிலும் ஒரே குறை எப்படி இருக்கும் என்று இத்தனை நாள் எனக்கு ஏன் தோன்றவில்லை. இடது பக்கம் வைத்த காபி டம்ளரை முழங்கையால் தட்டிவிடுவதும், நிலைப்படியில் இடது தோளை இடித்துக்கொள்வதும், அந்தப் பக்கமாக நான் வந்து நின்றால் பூனை மாதிரி வாரியே என்று திடுக்கிடுவதும் ஒன்றொன்றாக ஞாபகம் வந்தது. நான் எல்லாவற்றுக்கும் அவரைத் திட்டித்தான் இருக்கிறேன்.

சாயங்காலம் சொல்லிவிட்டேன். கோளாறு வண்டியில இல்ல, ஒம்ம கண்ணுல இருக்கு என்றேன். வந்ததே கோபம், முப்பது வருஷத்துல ஒரு ஆக்சிடென்ட் கெடையாது, பெரிய அதிகாரிங்க உயிரு என் கையில இருந்துச்சு, எனக்கு நீ கண்ணு பாக்கியா என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். சோறு வேண்டாம் என்று படுத்துவிட்டார். மறுநாள் பீர் மைதீனுக்கு வர முடியவில்லை, சிவப்பு வண்டியை நாங்களே கடையில் விட வேண்டும், சாவியை எடுத்துக்கொண்டு அவர்தான் கிளம்புவார் என்று பயந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சாவியை எடுத்து, எதிர் வீட்டுக்குப் போய், ஜஸ்டினைக் கூப்பிட்டு, எனக்கு இடுப்பு வலியா இருக்கு, நீ கொண்டுபோய் விட்டுட்டு வா என்று கொடுத்தார். அவருக்கு இடுப்பு வலி கிடையாது. அவருக்கும் தெரிந்துதான் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அப்புறம் ஒரு நாள் அவராகவே, திருநெல்வேலிக்குப் போயிட்டு வருவோம் என்றார், எதற்கு என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் போனோம். கண் ஆஸ்பத்திரியில் பார்த்ததில், கண்ணுக்குள்ளே பிரஷர் இருக்கிறதாம், இடது கண்ணில் ஓரப் பார்வை முக்கால்வாசி போய்விட்டது, வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது. வலிக்காமல் கொள்ளாமல் மெதுவாகப் போவதால் ஆளுக்கே தெரியாதாம். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், சொட்டு மருந்தை ஒரு வேளைகூட விடக் கூடாது, வண்டி இனிமேல் ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அப்பா அட்டென்ஷனில் நிற்கிற மாதிரி நின்று சரிங்க சார் என்றார். திரும்பி வரும்போது, ஆலங்குளம் தாண்டினதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, அந்தப் பிள்ள இடுப்புல இருந்தது நம்ம பாப்பா வயசுதான் இருக்கும், நான் மலையில வச்சு இப்படிப் பண்ணியிருந்தா என்ன ஆயிருக்கும் ஏட்டி என்று கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், பஸ்ஸில் ஆட்கள் பார்க்கிறார்களே என்று அவரும் இழுத்துக்கொள்ளவில்லை.

கார் வேண்டாம் என்று செல்வியிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டேன், ஆமாம் என்பார் என்று நினைத்தேன். நேற்றுக் காலையில் குளித்துத் திருநீறு பூசி, ஜஸ்டினையும் கூட்டிக்கொண்டு என்னோடு பீர் மைதீன் கடைக்கு வந்தார். அந்தச் சிவப்பு வண்டி அங்கேயேதான் நின்றது. பீர் மைதீன் வழக்கம்போல டிரைவர் கதவைத் திறந்துவிட்டார். அப்பா அந்தக் கதவைத் தாண்டி, முன்னால் சுற்றிப் போய், இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். முப்பது வருஷமும் அந்த சீட்டு இன்ஸ்பெக்டர் உட்காருகிற சீட்டு செல்வி, டிரைவர் அதில் உட்கார மாட்டான், ரிட்டையர் ஆன பிறகும் யார் வண்டியில் ஏறினாலும் இவர் பின்னால்தான் ஏறுவார். கொஞ்ச நேரம் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு காலை நீட்டிப் பார்த்தார், பெல்ட்டை மாட்டிப் பார்த்தார், மேலே பிடித்துக்கொள்கிற கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார், பின்னால் திரும்பி, பாப்பா சீட்டு மாட்டக் கொக்கி இருக்கா மைதீன் என்று கேட்டார். இருக்கு அண்ணாச்சி என்றார். அப்ப போதும், இதையே பேசி முடி என்றார். ஆடியிலிருந்து அலைந்தது அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. புதுசு வாங்கியிருக்க வேண்டுமோ, பழசு வாங்கியது சரியோ என்று எனக்கு இப்போதும் புரியவில்லை, நீ யாரிடமாவது கேட்டு என்னைத் திட்டாமல் இருந்தால் போதும்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். இது தெரிந்த மாதிரி அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே, அவரே சொல்வார், சொல்லட்டும். இதில் உனக்கும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது, இது பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கும் வரக்கூடிய வியாதி என்று டாக்டர் சொன்னார், அங்கே ஒரு தடவை கண்ணைக் காட்டிவிடு, தள்ளிப்போடாதே. பாப்பாவுக்குக் காது குத்துவதை வந்ததும் பேசிக்கொள்ளலாம், மாப்பிள்ளைக்கு ஊறுகாயில் உப்பு போதுமா என்று கேட்டு எழுது. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் அப்பாவும் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்ததாக நினைத்துக்கொள். திருவனந்தபுரத்தில் வெளியே வரும்போது ஓட்டுகிற இடத்தில் ஜஸ்டின் இருப்பார், பக்கத்தில் உன் அப்பா இருப்பார். வழி நெடுக, மெதுவா போலே, ஹாரன் அடிலே, லாரிக்கு வழி விடுலே என்று அந்த மனுஷனை ஓட்ட விடாமல் பேசிக்கொண்டே வருவார், ஜஸ்டினிடம் எல்லாவற்றுக்கும் சரி அண்ணாச்சி என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். நீயும் பொறுத்துக்கொள். இடது பக்கம் ஆள் வந்தால் மட்டும் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், அதை ஜஸ்டின் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு
உன்னைப் பார்க்கக் காத்திருக்கும் அம்மா
சங்கரேஸ்வரி சுடலையாண்டி